27-ஆவது வாரம்

போன வருடம் எங்கள் கிடங்கில் ஒரு பூர்வகுடிப் பையனுக்குக் கேக் வெட்டினோம். வேலைக்குச் சேர்ந்து 26 வாரம் முடித்துவிட்டான் என்று. அவனை அனுப்பிவைத்த வேலைவாய்ப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். எங்கள் மேனேஜர் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பையன் கூச்சத்தோடு சிரித்தான். மூன்று வாரம் கழித்து அவன் அங்கே வேலையில் இல்லை. அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் கணக்கு அன்றோடு முடிந்தது. இங்கே ஆஸ்திரேலியாவில் அரசுக்காக வேலைவாய்ப்புச் சேவை நடத்துகிறவர்களுக்கு, ஆள் 4 வாரம் நீடித்தால் இவ்வளவு, 12 வாரத்துக்கு இவ்வளவு, 26 வாரத்துக்கு இவ்வளவு என்று தவணையில் பணம் வரும். பூர்வகுடி இளைஞர்களுக்கென்றே வந்த திட்டங்கள் சிலவும் இதே 26 வாரத்தைத்தான் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டன. முதலாளிக்கு வரும் சம்பள மானியமும் சுமார் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். அதுவரைக்கும் அந்தப் பையன் மேல் எல்லோருக்கும் அக்கறை. 27-ஆவது வாரத்திலிருந்து அவன் அம்மாவுக்கு மட்டும்.

நான் சிட்னியின் மேற்கே தூங்காபியில் இருக்கிறேன். ஈஸ்டர்ன் க்ரீக் பக்கம் ஒரு கிடங்கில் காலை ஷிப்ட் சூப்பர்வைசர். பையனுக்கு 19 வயது, வீடு மவுண்ட் ட்ரூயிட்டில். குடும்பத்துக்குப் பூர்வீகம் வால்கெட், இங்கிருந்து காரில் எட்டு மணி நேரம். வேலையில் சுத்தம். பாலெட் அடுக்கினால் சுவர் கட்டினமாதிரி நிற்கும்.

வேலை போன கதை இதுதான். வால்கெட்டில் ஒரு சாவு. அவர்கள் இதை 'சாரி பிசினஸ்' என்பார்கள். நம் ஊர்க் கேதம் மாதிரி, போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிற விஷயம் கிடையாது. லீவு கேட்டான். யார் இறந்தது என்று ஆபீஸில் கேட்டார்கள். "அப்பா" என்றான். முன்பு ஒருமுறையும் அப்பா என்றுதானே சொன்னாய் என்று முகத்தைப் பார்த்தார்கள். இந்த முறை இறந்தது அப்பாவுடைய அண்ணன், சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர். அவர்கள் முறையில் அப்பாவின் சகோதரனும் அப்பாதான்.

எனக்கு உடனே புரிந்தது. நமக்கும் அதுதானே முறை? பெரியப்பா, சித்தப்பா. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் ஒரே அங்கிள். என் சித்தப்பா திருச்சியில் தவறியபோது, அப்போது வேலை பார்த்த இடத்தில் 'அங்கிள்' என்று எழுதினால் லீவு கிடைக்காது என்று தெரிந்து 'ஃபாதர்' என்றே எழுதிவிட்டு டிக்கெட் போட்டேன். (என் அப்பா நலமாக இருக்கிறார். இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.) இந்த நாட்டுச் சட்டப்படி துக்க விடுப்பு இரண்டு நாள், துணை, பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரே வீட்டில் வசிக்காத பெரியப்பாவுக்கு அதில் இடமில்லை. இரண்டு நாள் கொடுத்தாலும் வால்கெட் போகவும் வரவும்தான் சரியாக இருக்கும். பையன் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தான். யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. அவன் கேஷுவல் ஆள், கூப்பிட்டால்தான் வேலை. ஷிப்ட் மெசேஜ் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான்.

நான் பேசியிருக்கலாம். ஒருமுறை மேனேஜரிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார், அதோடு விட்டுவிட்டேன். இதை எழுதும்போது அதுதான் உறுத்துகிறது.

சரி, சேர்வதற்கு முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். அவனிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் டிக்கெட், கட்டட வேலைக்கான ஒயிட் கார்டு, முதலுதவிச் சான்றிதழ், இன்னும் இரண்டு மூன்று. திட்டத்துக்குத் திட்டம் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கார் லைசென்ஸ் மட்டும் இல்லை! காலை ஐந்தரை ஷிப்டுக்கு அவன் தெருவிலிருந்து எங்கள் கிடங்குக்குத் தோதான பஸ் கிடையாது. ஆறு மாதமும் என் காரில்தான் வந்தான். நான் லீவு போட்ட நாட்களில் அவனும் லீவு.

லைசென்ஸ் எடுக்கவேண்டியதுதானே என்று நம்மாட்கள் சுலபமாகக் கேட்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் குறைந்த எல்-பிளேட்காரர், அதாவது ஓட்டப் பழகுகிறவர், 120 மணி நேரம் ஓட்டிப் பதிவு செய்யவேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில். பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். நம் வீடுகளில் அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டிருப்பார். வீட்டில் ஒருவரிடமும் லைசென்ஸ் இல்லை, கார் இல்லை என்றால் அந்த 120 மணி நேரம் எங்கிருந்து வரும்? சிலருக்கு அதற்கும் முந்தைய படியே இடறும். பிறப்பே பதிவாகாமல் போனவர்கள் பூர்வகுடிக் குடும்பங்களில் நிறைய. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாளத்துக்கு எதைக் காட்டுவது? அவசரத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம், அதைக் கட்டாவிட்டால் தடை, தடையை மீறினால் கோர்ட். அபராதத்தைப் படிப்பாலோ சம்பளமில்லாத வேலையாலோ கழிக்கிற ஏற்பாடு ஒன்றை இந்த மாநிலம் வைத்திருக்கிறது, நல்ல ஏற்பாடு. பையனுக்கு அது தெரியாது. ஃபோல்டர் கொடுத்தவர்கள் சொல்லவில்லை.

இந்த வருடப் பொங்கல் விருந்தில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு அண்ணன் பாயசத்தைக் குடித்தபடியே "அவங்களுக்கு வேலை செய்யப் பழக்கமில்லப்பா" என்றார். எனக்குச் சுர்ரென்றது. வடக்கே மாட்டுப் பண்ணைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கி நிறுத்தியது யார்? மாவும் சர்க்கரையும் இறைச்சியும் கூலியாக வாங்கிக்கொண்டு மாடு மேய்த்த குரிஞ்சி மக்கள், 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிஞ்சியாரி தலைமையில் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கேட்டது சம்பளம் மட்டுமா, நிலத்தையும் கேட்டார்கள். 1975-இல் பிரதமர் விட்லம் வந்து லிஞ்சியாரி கையில் மண்ணை அள்ளிப் போடும்வரை போராட்டம் ஓடியது. குயின்ஸ்லாந்தில் பூர்வகுடித் தொழிலாளர் சம்பளத்தை அரசே வாங்கி வைத்துக்கொண்டு முழுசாகக் கொடுக்காமல் விட்ட வழக்கு, 2019-இல்தான் 190 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. வேலை செய்யப் பழக்கமில்லாதவர்களுக்கா அந்தச் சம்பள பாக்கி? இங்கே வந்த புதிதில் 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இல்லை என்று நம்மைத் திருப்பி அனுப்பியதையாவது அந்த அண்ணன் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அரசும் சும்மா இருக்கவில்லை, மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கிறது. அதுதான் தொல்லையே. 1977-இல் நார்தர்ன் டெரிட்டரியில் சிடிஈபி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை ஊருக்கு மொத்தமாகக் கொடுத்து, ஊரே வேலையை உருவாக்கிச் சம்பளமாகத் தருவது. குறைகள் இருந்தன, ஆனால் உச்சத்தில் 30,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். 2000-களின் கடைசியில் அதைப் படிப்படியாகக் கழற்றினார்கள். 2015-இல் சிடிபி வந்தது: தொலைதூர ஊர்களில் உதவித்தொகை வாங்குவோர் வாரம் ஐந்து நாள், 25 மணி நேரம் ஏதாவது செய்தாகவேண்டும், வராவிட்டால் பிடித்தம். 2021-இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். 2024 பிப்ரவரியில், உண்மையான சம்பளத்தோடு 3,000 வேலை உருவாக்குவோம் என்று அறிவிப்பு. இது கிட்டத்தட்ட 1977-க்கே திரும்பி வந்ததுபோல இல்லையா? நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்து பெரியதாகிவிட்டது.

நீடித்த ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் ரேஞ்சர் வேலையைச் சொல்வேன். 2007-லிருந்து மத்திய அரசுப் பணத்தில் நடக்கிறது. தங்கள் மண்ணிலேயே வேலை: வறண்ட பருவம் முற்றுமுன் புல்லைச் சிறுகச் சிறுக எரித்துப் பெருந்தீயைத் தடுப்பது, களை அழிப்பது, காட்டுப்பன்றியையும் எருமையையும் கட்டுப்படுத்துவது, கரையொதுங்கும் பேய்வலைகளை (கடலில் விட்டுப்போன மீன்வலைகள்) இழுத்தெடுப்பது. நாட்டின் வடக்கே ஆர்னம் லாண்டின் மேற்குப் பகுதியில் இந்தத் தீ வேலையால் குறையும் புகைக்கு ஒரு எரிவாயு நிறுவனம் 2006-லிருந்து பணம் கொடுத்தது. அங்கே தாத்தாவுக்குத் தெரிந்ததுதான் தகுதி. சாவு விழுந்தால் சூப்பர்வைசரும் அதே சாவுக்குத்தான் போவார்.

மவுண்ட் ட்ரூயிட் பையனுக்கு ரேஞ்சர் வேலை பொருந்தாது என்பது தெரியும். ஆனால் நகரத்திலும் செய்யலாம். கரியர்டிராக்கர்ஸ் என்று 2009-இல் தொடங்கிய அமைப்பு, பல்கலைக்கழகப் பூர்வகுடி மாணவர்களை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சம்பளத்தோடு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது, பட்டம் வாங்கும்வரை. கூடவே ஒரு ஆலோசகர். அங்கே கணக்கு வருடத்தில், வாரத்தில் இல்லை. பல்கலைக்கழகம் போகாத பையன்களுக்கு அதேபோல யார் மூன்று வருடம் கூட வருவார்கள்?

எண்களும் இதைத்தான் காட்டுகின்றன. பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கப் போட்ட 'க்ளோசிங் த கேப்' ஒப்பந்தப்படி 2031-க்குள் 15 முதல் 24 வயதுப் பூர்வகுடி இளைஞர்களில் 67 சதவீதம் பேர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்கவேண்டும். 2016-இல் 57.2. ஐந்து வருடம் கழித்து 58. பெரியவர்கள் வேலைக்கான இலக்கில் அதே காலத்தில் 51-லிருந்து 55.7-க்கு நகர்ந்திருக்கிறது. இளசுகள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கடைசித் தவணையை 26-ஆவது வாரத்தில் கொடுக்காதீர்கள், 104-ஆவது வாரத்துக்குத் தள்ளுங்கள் என்பேன். அப்புறம் பாருங்கள், அந்தப் பெண்மணி எத்தனை போன் பண்ணுவார் என்று. லைசென்ஸுக்கும் பெரியப்பா சாவுக்கும் வழி தானாகப் பிறக்கும்.

பையன் இப்போது வேறொரு இடத்தில் வாரம் மூன்று நாள் போகிறான். ஞாயிறு மதியம் என் பழைய கேம்ரியில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறோம். லாக்புக்கில் 71 மணி நேரம் ஆகியிருக்கிறது. ரிவர்ஸ் பார்க்கிங் என்னைவிட நன்றாகப் போடுகிறான். இரவு ஓட்டம்தான் உதைக்கிறது, எனக்குக் காலை நாலு மணிக்கு எழவேண்டும். அவன் தம்பியும் எல்-பிளேட் எடுத்துவிட்டான். தூங்காபி, பெண்டில் ஹில், பிளாக்டவுன் பக்கம் முழு லைசென்ஸும் வாரம் ஒரு ராத்திரியும் ஒதுக்க முடிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.