ஜெயித்த டீமில் கட்டியும் காசு போவது எப்படி?

காட்பாடி காந்தி நகரில் எங்கள் தெருப் பையன் ஒருவன், காலேஜ் படிக்கிறான். விடிந்ததும் அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிற ரகம். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நான் கட்டின டீம் ஜெயிச்சிடுச்சு. ஆனா காசு போச்சு. ஆப்ல ஏமாத்துறானுங்களா?"

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. (ஏமாற்றுகிற ஆப்களும் உண்டு, அது வேறு கதை.) டீம் பெயருக்குப் பக்கத்தில் மைனஸ் 6.5 என்று போட்டிருந்ததை அவன் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குப் பெயர்தான் பாயிண்ட் ஸ்ப்ரெட்.

குடியாத்தம் பக்கம் ஒரு கபடிப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆடி ஆடி உரமேறிய டீம், எதிரில் புதுப் பசங்க. யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் வைத்தால் எல்லாரும் ஒரே பக்கம்தான் கட்டுவார்கள். எதிர்ப்பக்கம் ஆளே இருக்காது. அதனால் பந்தயம் நடத்துகிற புக்கி பெரிய டீமின் ஸ்கோரிலிருந்து 6.5 பாயிண்ட்டைக் கழித்துவிடுகிறான். இனி 7 பாயிண்ட்டோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பெரிய டீம் பக்கம் கட்டியவனுக்குப் பணம். 6 பாயிண்ட்டில் ஜெயித்தால் கோப்பை பெரிய டீமுக்கு, பணம் சின்ன டீம் பக்கம் கட்டியவனுக்கு. அந்த அரை பாயிண்ட் எதற்கு என்றால், கணக்கு இரண்டு பக்கமும் சமமாகி, கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்கு.

ஆனால் இந்தக் கழித்தல் எல்லாம் பந்தயம் கட்டியவர்களுக்கு மட்டும்தான். களத்தில் ஆடுகிறவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. 38-31, கடைசி ரெய்டு. சின்ன டீம் பையன் வருகிறான். தோல்வி எப்போதோ உறுதி. எதிரில் ஏழு பேரும் நிற்கிறார்கள், பிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. ஒரு காலைத் தூக்கி போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி ஓடுகிறான். 38-32. கூட்டம் பாதி கலைந்தாயிற்று, அந்த ஒரு பாயிண்ட்டை யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் மைனஸ் 6.5-ல் கட்டியவன் கதை அந்த ஒரு காலோடு முடிந்தது. அமெரிக்காவில் முடிவு தெரிந்துபோன மேட்ச்சின் கடைசி நொடியில் விழும் கூடைக்கு ஏன் அத்தனை கூச்சல் என்பது இப்போது புரியும்.

அந்த எண்ணை ஏதோ ஜோசியம் மாதிரி நம்ம பசங்க பார்க்கிறார்கள். அது வெறும் விலை. ஒரு பக்கம் பணம் குவிந்தால் எண் நகரும். சில நேரம் அப்படி நகர்த்துவதே புக்கிக்கு வினையாகிவிடும். 1979 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் போட்டி, பிட்ஸ்பர்க்கும் டல்லஸும் மோதின. முதலில் பிட்ஸ்பர்க் மைனஸ் 3.5 என்று வந்தது. அந்தப் பக்கம் பணம் கொட்டவும் 4.5 வரை ஏற்றினார்கள். ஏற்றியதும் டல்லஸ் பக்கம் கட்டப் பாய்ந்தது இன்னொரு கூட்டம். முடிவு 35-31. வித்தியாசம் சரியாக 4! முன்னாடி பிட்ஸ்பர்க் பக்கம் கட்டியவனுக்கும் பணம், பின்னாடி டல்லஸ் பக்கம் கட்டியவனுக்கும் பணம். லாஸ் வேகாஸ் புக்கிகள் அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

சரி, அது எப்போதோ ஒரு நாள். மற்ற நாள் புக்கி எப்படிப் பிழைக்கிறான்? வழக்கமான கணக்கில் 100 ஜெயிக்க 110 கட்ட வேண்டும். ஒரு பக்கம் ஐந்து பேர், இன்னொரு பக்கம் ஐந்து பேர் என்றால் வசூல் 1,100. ஜெயித்த ஐந்து பேருக்குத் தலைக்கு 210 என்று 1,050 கொடுத்துவிட்டு, மிச்சம் 50-ஐ எடுத்துக்கொண்டு போய்விடுவான். யார் ஜெயித்தாலும் அந்த 50 அவனுக்கு. கட்டுகிறவன் பக்கம் பாருங்கள்: 21 தடவை கட்டி 11 ஜெயித்தால் வரவு 1,100. தோற்ற 10-க்குப் போனதும் 1,100. பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. நான் இதை டீக்கடை பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டியபோது பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

சட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-லேயே அமலுக்கு வந்துவிட்டது, காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக மத்திய அரசும் 2025 ஆகஸ்ட்டில் ஒரு சட்டம் போட்டது. ஆனாலும் பையன் போனில் ஆப் இருக்கிறது.

என் ஆத்திரம் வேறொன்றில். மேட்ச்சை விற்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் தோற்க வேண்டும், ஊரே பார்க்கும். ஸ்ப்ரெட் வந்தபிறகு தோற்கவும் வேண்டாம், கொஞ்சம் குறைவாக ஜெயித்தால் போதும். நியூயார்க் சிட்டி காலேஜ் கூடைப்பந்து டீம் 1950-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய தேசியக் கோப்பைகளையும் தூக்கியது. அடுத்த வருஷமே அந்த டீம் ஆட்களைப் போலீஸ் கைது செய்தது. வித்தியாசத்தைக் கூட்டிக் குறைக்கக் காசு வாங்கியிருந்தார்கள். 'ஜெயிச்சாச்சுல்ல, யாருக்கு என்ன நஷ்டம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

நம்ம ஊரில் கூடைப்பந்தைவிட கிரிக்கெட்டில்தான் காசு புரள்கிறது. இத்தனை ஓவரில் எத்தனை ரன் என்று கட்டுகிற செஷன் பெட்டிங் இதைவிட மோசம். காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே நோ-பால் போட்ட 2010 லார்ட்ஸ் டெஸ்ட் விவகாரத்தோடு சேர்த்து அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.