வெறும் வயிற்றில் ஏன் குடிக்கிறீர்கள்?

சலரோகத்துக்கு மூலிகை என்று நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்திகளில் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "காலையில் எழும்பி வெறும் வயிற்றில்..." வெந்தயத் தண்ணி வெறும் வயிற்றில். பாவற்காய்ச் சாறு வெறும் வயிற்றில். கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் கடைந்த கோப்பையில் ஊறிய தண்ணியும் வெறும் வயிற்றில்தான். இந்த மூலிகைகளில் சரக்கு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஆராயப்பட்டவற்றில் பல, குடலுக்குள் சாப்பாட்டோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. விடிய ஆறு மணிக்குக் குடித்துவிட்டு, எட்டரைக்கு மூன்று நீத்துப்பெட்டிப் புட்டு சாப்பிட்டால் மருந்து ஒரு பக்கம், மா ஒரு பக்கம். இரண்டும் சந்திப்பதே இல்லை.

கொத்தல ஹிம்புட்டை எடுத்துக்கொள்வோம். வேரிலும் தண்டிலும் சலசினோல், கொட்டலனோல் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. சலசினோலை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997 இல் அடையாளம் கண்டார்கள். நாம் சாப்பிடும் சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் மாச்சத்து. அதைக் கடைசியில் குளுக்கோஸாக வெட்டிவிடுவது குடற்சுவரில் இருக்கும் அல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி. சலசினோல் போய் அந்த நொதியில் குந்திக்கொள்கிறது, வெட்டு தாமதமாகிறது, சாப்பிட்ட பிறகு சீனி ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக ஏறுகிறது. அக்காபோஸ் குளிசை செய்வதும் இதே வேலைதான். அந்தக் குளிசையை முதல் வாய் சோற்றோடு போடச் சொல்வதும் இதனால்தான். கோப்பைத் தண்ணியையும் சாப்பாட்டோடு குடியுங்கள்.

2005 இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளர்களுக்குக் கொத்தல ஹிம்புட்டுத் தேயிலை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.பி.ஏ.1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை அளவு, குறைந்தது உண்மை. குறைந்தது சிறிதளவு என்பதும் உண்மை. வயிறு ஊதுவதும் காற்றுப் போவதும் இருக்கும். வெட்டுப்படாத மா பெருங்குடலுக்குப் போய் நொதித்தால் வேறென்ன நடக்கும்? தேனுக்கும் குளுக்கோஸ் பானத்துக்கும் இந்த வழி உதவாது, அவை ஏற்கெனவே உடைந்த சீனி. இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. இதைக் குடிப்பவருக்கு, கிளிக்லசைட் போன்ற குளிசையால் சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், வீட்டுச் சீனியைக் கரைத்துக் கொடுப்பது தாமதமாகத்தான் வேலை செய்யும், சீனியை உடைக்கும் நொதியும் மறிபட்டிருக்கும் என்பதால். பார்மசியில் விற்கும் குளுக்கோஸ் மாவே வேண்டும். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி குவியலாக, தண்ணீரில் கரைத்து. கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப விரலைக் குத்திச் சீனி பாருங்கள். கொத்தல ஹிம்புட்டுக் கோப்பை வைத்திருக்கிற வீட்டில் குளுக்கோஸ் மாப் பெட்டி ஒன்றும் இருக்க வேண்டும்.

அடுத்தது கொவ்வை. வேலியில் படர்ந்து கிடக்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை, அதனாலேயே மரியாதையும் இல்லை. 2011 இல் வெளிவந்த இலங்கை ஆய்வில் 61 ஆரோக்கியமானவர்களை எடுத்து, 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துச் சாப்பிடக் கொடுத்தார்கள். பிறகு குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தபோது இரத்தச் சீனி ஏறியது குறைவு. பரிசோதனையில் இருந்தவர்கள் நோயாளர்கள் இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம், அவர்கள் கொடுத்தது மாத்திரையும் கசாயமும் இல்லாமல் நம்முடைய சம்பல் போன்ற ஒன்று. வீட்டில் செய்வதானால் இளம் இலையாகப் பிடுங்கி, கழுவி, நீர் வடிந்த பிறகு மெல்லிசாக அரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு, சட்டி சூடானதும் இலையைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். நாலு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. அடுப்பை நிறுத்திய பிறகு தேசிக்காய்ப் புளி. வறையில் அரைத் தேங்காய் துருவிப் போட்டுவிட்டு உடம்பு குறையவில்லை என்று இலையைக் குற்றம் சொல்லக்கூடாது.

குறிஞ்சா விஷயத்தில் பெரிய குழப்பம் நடக்கிறது. சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் அகலமான குறிஞ்சா இலையும், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் சிறுகுறிஞ்சாவும் வேறு வேறு கொடிகள். ஜிம்னெமிக் அமிலங்கள் என்று பேசப்படுபவை சிறுகுறிஞ்சாவில் உள்ளவை. கையில் இருப்பது எது என்று பார்க்க ஒரு லேசான வழி: ஒரு இலையை ஒரு நிமிடம் நன்றாகச் சப்பித் துப்புங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு நாக்கில் கொஞ்சம் சீனியைப் போடுங்கள். மணல் மாதிரி இருந்தால் அது சிறுகுறிஞ்சா. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளை அந்த அமிலங்கள் அடைத்துவிடுகின்றன; அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேல், இனிப்புத் தெரியாது. இனிப்பாகவே தெரிந்தால் நீங்கள் வாங்கியது மற்றது. அதுவும் நல்ல கீரைதான், தாராளமாக வறை செய்யுங்கள், ஆனால் மற்றதன் ஆய்வு முடிவை அதன் தலையில் கட்ட வேண்டாம். என்னைக் கேட்டால் சிறுகுறிஞ்சாவின் உருப்படியான உபயோகம் இந்த நாக்கு விளையாட்டுத்தான். பின்னேரத் தேத்தண்ணியோடு கேக்கும் பணியாரமும் எடுப்பவர்கள் நாலு மணிக்கு ஒரு இலை சப்பிப் பார்க்கலாம். கேக்கில் ஆசை போய்விடும். இதை மருந்தாக எடுத்தவருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவப் பதிவு இருக்கிறது.

வெந்தயத்தில் வேலை செய்யும் முக்கிய பொருள் கலக்டோமன்னான் என்ற கரையும் நார். விதையை ஊறவைத்தால் வருகிற கொழகொழப்பு அதுதான். அது குடலில் கூழாகி, சீனி உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்குகிறது. இப்போது யோசியுங்கள்: இரவு ஊறவைத்து, காலையில் தண்ணியை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால், நாரில் பெரும்பகுதி குப்பையில். விதையையும் சாப்பிடுங்கள், அல்லது மாவாக்கி மோரில் கலந்து சாப்பாட்டுக்கு பத்து நிமிடம் முன் குடியுங்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு நாளுக்கு ஏறக்குறைய 10 கிராமும் அதற்கு மேலும். ஒரு மட்டத் தேக்கரண்டி நாலு கிராம்கூட வராது. ஆறு பேருக்கு வைத்த குழம்பில் ஒரு கரண்டி வெந்தயம் தாளித்தது வாசத்துக்கு. மருந்துக் கணக்கில் அது வராது. முதல் நாளே மூன்று கரண்டி போட்டால் வயிற்றோட்டம் நிச்சயம், ஒரு கரண்டியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். இந்தக் கூழ் குளிசையையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தைரொயிட் மருந்து உட்பட எதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கூட்டமுன் கிளினிக்கில் சொல்லியாக வேண்டும்.

பாவற்காய்க்கு இருக்கிற பெயர் அளவுக்குச் சான்று இல்லை. சரண்டின், பொலிபெப்டைட்-பி என்று பொருட்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் 2012 இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு நாலு பரிசோதனைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, பரிந்துரைக்கப் போதாது என்றது. கறியாகச் சாப்பிட நல்ல மரக்கறி, கலோரி குறைவு. வட்டமாக வெட்டி எண்ணெயில் கறுக்கப் பொரித்தால் அந்தப் பெருமையும் போச்சு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கர்ப்பிணிகளுக்குச் சாறு வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் விதையைத் தவிர்க்க வேண்டும், அதிலுள்ள வைசின் சிவப்பணுக்களை உடைக்கலாம்.

நமது பனம்பழத்துக்கு வருவோம். பனங்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் என்ற சப்போனின் வகை. இலங்கையில் எலிகளில் செய்த ஆய்வில் அது குடல் குளுக்கோஸை உறிஞ்சுவதைக் குறைத்தது. நல்ல செய்தி. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு பனங்காய்ப் பணியாரத்தை நியாயப்படுத்த முடியாது, அதில் போகிற சீனியும் எண்ணெயும் எலிக்குக் கொடுக்கப்படவில்லை. பனங்கட்டியும் அப்படித்தான். கனியுப்புகள் கொஞ்சம் இருக்கும், மற்றபடி அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோஸ். "பனங்கட்டி ஏத்தாது" என்பது வெறும் ஆறுதல் வார்த்தை.

"இங்கிலிஸ் மருந்து வேண்டாம், மூலிகை போதும்" என்பவர்களுக்கு ஒன்று. சலரோகக் குளிசையான மெட்ஃபோமினின் பூர்வீகம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. அதிலுள்ள கலெஜின் சீனியைக் குறைத்தது, நஞ்சாகவும் இருந்தது. அதே குடும்பத்துச் சேர்மங்களைத் திருத்தித் திருத்தித்தான் 1957 இல் பிரான்சில் மெட்ஃபோமின் நோயாளர் கைக்கு வந்தது. டபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சலரோகக் குளிசை வகையின் மூலம் அப்பிள் மரப்பட்டையில் 1835 இல் கிடைத்த ஃபுளோரிசின். அதை அப்படியே குடித்தால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. நீங்கள் கழிக்கிற குளிசை, அளவு தெரிந்த மூலிகை வழித்தோன்றல். அதற்குப் பதிலாக எடுப்பது அளவு தெரியாத மூலிகை.

உடம்பு குறைக்கும் சரக்குகளில் எனக்குப் பொறுமை குறைவு. கொறுக்காய்ப்புளியின் ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம் கொழுப்பைக் கரைக்கும் என்று உலகம் முழுக்க விற்றார்கள். 1998 இல் 135 பேரில் 12 வாரம் சோதித்ததில், மருந்து இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு வித்தியாசம் இல்லை. மீன் கறிக்குப் போடுங்கள், கப்சியூலுக்குக் காசு கட்டாதீர்கள். மரமஞ்சளில் உள்ள பேர்பெரினுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு: 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தரம் கொடுத்த பரிசோதனைகளில் சீனியும் கொழுப்பும் இறங்கின. எடை குறைவது சில கிலோதான். வீட்டில் மரமஞ்சள் அவித்தால் அதில் எத்தனை மில்லிகிராம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஈரல் மருந்துகளை உடைக்கும் வழியை அது மறிப்பதால் கொழுப்புக் குளிசை, இரத்த அழுத்தக் குளிசைகளின் அளவு உடம்பில் கூடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடவே கூடாது. இதைவிடப் பயப்பட வேண்டியது பெயர் இல்லாத பக்கற்றில் வரும் "மூலிகை" மாவு. இப்படியானவற்றில் 2010 இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மருந்தும், சலரோக மாவுகளில் சீனி இறக்கும் கிளிபென்கிளமைட் மருந்தும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் சீனி 100 (mg/dL கணக்கில்) இறங்கினால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்கள்.

கறுவா பற்றி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்: ரொறன்ரோவிலும் லண்டனிலும் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கசியா. தடித்த ஒற்றைப் பட்டை, இரு கரையும் உள்ளே சுருண்டிருக்கும். அதில் கூமரின் அதிகம், தினமும் கரண்டிக் கணக்கில் போட்டால் ஈரலுக்குக் கூடாது. நமது கறுவா மெல்லிய தாள்கள் பல அடுக்காகச் சுருட்டியது, கையால் நொருங்கும். சீனியைக் குறைக்குமா என்றால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்.

ஒரு இலை உங்களுக்கு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அரிசிமாப் புட்டு, ஒரே கோப்பை அளவு, ஒரே நேரம். ஒரு நாள் இலை இல்லாமல், ஒரு நாள் இலையோடு. சாப்பிட முன்னும், முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்திலும் குத்துங்கள். இரண்டு விதமும் மூன்று தரமாவது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான். மாம்பழம் பிடித்த விரல் 250 காட்டும். குளுக்கோமீற்றருக்கே 15 வீதம் வரை பிழை அனுமதி இருக்கிறது. 182 க்கும் 171 க்கும் வித்தியாசம் இல்லை என்று எடுங்கள். எச்.பி.ஏ.1சி பார்ப்பதானால் மூன்று மாதம் விடுங்கள், சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதற்குள் புட்டையும் பாதியாக்கி, நடையையும் கூட்டி, இலையையும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. உடம்புக்கு நல்லது, ஆராய்ச்சிக்குத்தான் கூடாது.

இனி வெறும் வயிறு உண்மையிலேயே ஆபத்தாகும் இடங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி இருந்துகொண்டு கிளிக்லசைட்டோ டொல்பியூட்டமைட்டோ போட்டு, அதற்கு மேல் பாவற்காய்ச் சாறும் குடித்தால் சீனி 70 க்குக் கீழே போவது எதிர்பார்க்க வேண்டியதுதான். விரதத்துக்கு முதல் கிளினிக்கில் கேட்டுக் குளிசையை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக வெட்டிக் குறைக்காதீர்கள். டபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சீனி அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம். சத்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் உடனே ஆசுப்பத்திரி.

மற்றது காமரங்காய், பிளிம்பிச் சாறு. சீனிக்கு நல்லதென்று குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேற்று அதிகம். சாப்பாட்டோடு போனால் அதிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒரு பகுதியைப் பிடித்து வெளியே அனுப்பும். வெறும் வயிற்றில் பிடிக்க ஒன்றும் இல்லை, நேரே இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகிறது. சலரோகம் பல வருடமாக உள்ளவருக்கு அந்தச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தச் சோதனை பார்க்காமல் எந்த இலைச் சாறையும் தினசரி வழக்கமாக்க வேண்டாம். இந்த இரண்டையும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களும் சாறாகக் குடிக்க வேண்டாம்.