தூய்மைக்கு ஆகும் செலவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு

2010 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நடந்த குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 57 ஆயிரம் பேர். மைக் காஸிலை ஏறக்குறைய 3,500 ஓட்டில் தோற்கடித்து கிறிஸ்டின் ஓ'டானலை வேட்பாளராக்கினார்கள். காஸில் துணை ஆளுநர், ஆளுநர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் என்று மாநிலம் முழுக்க நடந்த 12 தேர்தல்களில் ஜெயித்தவர். ஓ'டானல் அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் ஜோ பைடனிடம் 30 சதவீத வித்தியாசத்தில் தோற்றவர். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் 57க்கு 40 என்று ஜெயித்தார். அந்த இடம் இன்றுவரை குடியரசுக் கட்சிக்குத் திரும்பவில்லை.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே விருப்ப மனு, நேர்காணல், தலைமை கையெழுத்துப் போட்ட பி படிவம் எதுவும் கிடையாது. கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதையே வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதற்குத்தான் பிரைமரி என்று பெயர். டெலவேரில் அதுவும் மூடிய பிரைமரி, அதாவது கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். காஸிலை ஆண்டாண்டாக ஜெயிக்க வைத்த கட்சி சாராத வாக்காளர்கள் அன்று உள்ளே வரவே முடியாது.

பழமைவாதிகளுக்கு காஸில் மேல் இருந்த கோபம் நியாயமானதுதான். 2009-ல் கார்பன் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதாவுக்கு ஆதரவளித்த எட்டே எட்டு குடியரசுக் கட்சியினரில் அவர் ஒருவர். ஆனால் ஒபாமாவின் பொருளாதார ஊக்கத்தொகுப்பை எதிர்த்தும், மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்தும் ஓட்டுப் போட்டவரும் அவரே. டெலவேரில் நூற்றுக்கு நூறு பழமைவாதி என்ற சரக்கு கடையிலேயே இல்லை. இருந்தது காஸில் அல்லது கூன்ஸ்.

பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி 1967-ல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஜெயிக்கக் கூடியவர்களில் யார் மிகவும் வலது பக்கமோ அவருக்கே என் ஆதரவு. இதில் இரண்டு பாதி உண்டு. நடைமுறைவாதிகள் ‘ஜெயிக்கக் கூடியவர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கொள்கையில் சமரசமே கூடாது என்கிற தூய்மைவாதிகள் ‘மிகவும் வலது’ என்ற இடத்திலிருந்துதான் படிக்கவே ஆரம்பிப்பார்கள். பக்லியே இந்த விதிக்கு அடங்கி நடந்த ஆளும் இல்லை. 1965-ல் நியூயார்க் மேயர் தேர்தலில், குடியரசுக் கட்சியின் மிதவாத வேட்பாளரை எதிர்த்து மூன்றாவது கட்சியில் நின்று 13 சதவீதம் வாங்கினார். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மறுபடி எண்ணச் சொல்வேன் என்றார்.

விதி சரியான விதிதான். அதை மாநிலத்துக்கு மாநிலம் கணக்குப் போட்டுப் பார்க்காததுதான் கோளாறு. முதலில் பார்க்க வேண்டியது, கடைசி இரண்டு அதிபர் தேர்தல்களில் அந்த மாநிலம் எந்தப் பக்கம், எவ்வளவு வித்தியாசத்தில் சாய்ந்தது என்பது. கட்சி அங்கே 15 சதவீதம் முன்னால் இருந்தால் தூய்மைக்குச் செலவே இல்லை, தாராளமாக இருக்கலாம். 10 சதவீதம் பின்னால் இருந்தால், அந்தப் பள்ளத்தைத் தன் பெயரால் தாண்டியவர் யார் என்று மட்டும் பார்க்க வேண்டும். வேட்பாளர் முன்பு நின்ற தேர்தலில், அதே ஓட்டுச்சீட்டில் இருந்த தன் கட்சியின் அதிபர் வேட்பாளரைவிட எத்தனை சதவீதம் கூட வாங்கினார்? கருத்துக் கணிப்பைவிட இந்த ஒரு எண் நம்பகமானது. கணிப்பு மாறும், வாங்கிய ஓட்டு மாறாது.

மெய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ் இதற்குச் சரியான உதாரணம். 2020-ல் பைடன் அங்கே 9 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாள், அதே மாநிலத்தில் காலின்ஸும் கிட்டத்தட்ட அதே வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரைப் ‘பெயரளவுக்குக் குடியரசுக் கட்சி’ என்று திட்டுகிறவர்கள் அவருடைய ஓட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். 2017 ஜூலையில் ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தை வெட்டும் மசோதா 49க்கு 51 என்று விழுந்தபோது, கவிழ்த்த மூன்று குடியரசுக் கட்சியினரில் காலின்ஸ் ஒருவர். அதே டிசம்பரில் வரிக்குறைப்புச் சட்டத்துக்கு ஆதரவு. 2018-ல் நீதிபதி கவனாவை உச்ச நீதிமன்றத்துக்கு 50க்கு 48 என்று அனுப்பியதில் அவர் ஓட்டும் உண்டு. 2020-ல் நீதிபதி பாரட் நியமனத்துக்கு எதிர்ப்பு, ஆனால் அப்போது அவர் ஓட்டு இல்லாமலே 52 இருந்தது. மெய்னில் இதற்கு மேல் வலது பக்கம் நின்று ஜெயிக்கிற ஆளைக் காட்டினால் யோசிக்கலாம்.

பழமைவாத அமைப்புகள் வெளியிடும் மதிப்பெண் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பட்டியலில் சபைக்கு வந்த மசோதாக்கள் மட்டுமே இருக்கும். எந்த மசோதா சபைக்கு வரலாம், எந்த நீதிபதி நியமனம் வாக்கெடுப்புக்கு வரலாம் என்று முடிவு செய்வது பெரும்பான்மைத் தலைவர். அந்த நாற்காலி யாருக்கு என்பது இடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது. நூற்றுக்கு 55 வாங்கும் உறுப்பினர் அந்த ஓர் இடத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பாதி வேலை.

இப்போது நடைமுறைவாதிகள் பேச விரும்பாத பெயர்: செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர். 2004 பென்சில்வேனியா பிரைமரியில் பாட் டூமி அவரைத் தோற்கடிக்க இருந்தார். அதிபர் புஷ்ஷும் சக செனட்டர் சான்டோரமும் ஸ்பெக்டர் பக்கம் நின்றதால் 51க்கு 49 என்று தப்பினார். 2009 ஏப்ரலில், அடுத்த பிரைமரியில் டூமியிடம் தோற்பது உறுதி என்று தெரிந்ததும், ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். அந்த டிசம்பர் 24 அன்று காப்பீட்டுச் சட்டம் செனட்டில் சரியாக 60 ஓட்டுகளோடு நிறைவேறியது. அதில் ஒன்று அவருடையது. 60-க்கு ஒன்று குறைந்திருந்தால் அன்று விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கே போயிருக்க முடியாது.

இதை வைத்து ‘மிதவாதியை நம்பாதே’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே ஸ்பெக்டர்தான் 2005-லும் 2006-லும் நீதித்துறைக் குழுத் தலைவராக இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட்ஸ், அலிட்டோ இருவரையும் கரை சேர்த்தார். நான் எடுக்கும் பாடம் வேறு. கொள்கையில் பாதி தூரத்தில் நிற்பவர் வேறு, கட்சியில் கால் ஊன்றாதவர் வேறு. ஸ்பெக்டர் 1965-ல் ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர். காலின்ஸ் எத்தனை முறை மாறி ஓட்டுப் போட்டாலும் கட்சி மாறியதில்லை. பிரைமரியில் ஆராய வேண்டியது இந்த வித்தியாசத்தை. (தாவிய ஸ்பெக்டர் 2010-ல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியிலேயே தோற்றார். அந்த நவம்பரில் டூமி ஜெயித்தார்.)

கட்சிக்குச் சாதகமான மாநிலங்களில் கதையே வேறு. டெக்சாஸில் 2012-ல் துணை ஆளுநர் டூஹர்ஸ்ட் முதல் சுற்றில் 45 சதவீதம், டெட் க்ரூஸ் 34. பாதியைத் தாண்டாததால் ஜூலை 31-ல் இரண்டாம் சுற்று, க்ரூஸ் 57. நவம்பரில் சிரமமே இல்லை. யூட்டாவில் மைக் லீ, கென்டக்கியில் ராண்ட் பால் எல்லாம் இந்த ரகம். இங்கே போய் ‘ஜெயிக்கிற ஆள்’ என்று பழைய முகத்தைத் திணிப்பது வெறும் சோம்பேறித்தனம்.

அப்படியானால் இண்டியானாவும் மிசௌரியும்? இரண்டிலும் 2012-ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னி 10 சதவீதத்தை ஒட்டி ஜெயித்தார். இரண்டிலும் செனட் இடம் போயிற்று. ‘அதிதீவிரம் தோற்கடித்தது’ என்று எழுதுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இண்டியானாவில் 36 வருட செனட்டர் லூகரை 20 சதவீத வித்தியாசத்தில் மர்டாக் தோற்கடித்தார் என்றால் அதில் லூகரின் பங்கும் இருக்கிறது. 1977-ல் விற்றுவிட்ட வீட்டு முகவரியில் ஓட்டு வைத்திருந்தவர் அவர். மாற்ற வேண்டிய ஆள்தான், மாற்றாக வந்தவரை யாரும் சோதிக்கவில்லை. மிசௌரியில் டாட் ஏகின் பாலியல் வன்முறையால் உண்டாகும் கர்ப்பம் பற்றிச் சொன்னது 2012 ஆகஸ்ட் 19-ல் ஒளிபரப்பானது. பெயரை எளிதாக விலக்கிக்கொள்ளக் கடைசி நாள் ஆகஸ்ட் 21. கட்சியே கெஞ்சியும் விலகவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் மிசௌரியில் தாராளமாக ஜெயிக்கிறார்கள், ஆகவே விழுந்தது கொள்கை அல்ல, வாய். பத்து வருடப் பேட்டிகளையும் மேடைப் பேச்சுகளையும் பிரைமரிக்கு முன்பே நம் ஆட்கள் தோண்டவில்லை என்றால், பிரைமரி முடிந்த மறுநாள் எதிர்த்தரப்பு தோண்டும்.

அதே வருடம் நார்த் டகோடாவில் ரிக் பெர்க், மொன்டானாவில் ரேபெர்க், விஸ்கான்சினில் டாமி தாம்சன் ஆகியோரும் தோற்றார்கள். மூவரும் கட்சி மேலிடத்துக்குப் பிடித்த, ‘பாதுகாப்பான’ வேட்பாளர்கள். நடைமுறைவாதிகளின் பட்டியலில் இந்தப் பெயர்களை நான் பார்த்ததே இல்லை.

விதிகளையும் படிக்க வேண்டும். மிசௌரியில் ஏகின் வாங்கியது 36 சதவீதம்தான். இரண்டாம் சுற்று கிடையாது. மூன்று பழமைவாதிகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். பழமைவாதிகளின் நட்சத்திரம் சாரா பேலின் ஆதரித்ததுகூட அந்த மூவரில் ஸ்டீல்மனைத்தான், ஏகினை அல்ல. 2022 பென்சில்வேனியாவிலும் இதே கதை. டாக்டர் ஆஸ் 31 சதவீதத்தில், ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் மெக்கார்மிக்கை முந்தி, நவம்பரில் தோற்றார். மெக்கார்மிக் 2024-ல் அதே மாநிலத்தில் ஜெயித்து வந்தார். இரண்டாம் சுற்று இல்லாத மாநிலத்தில் ஒரே மாதிரி மூன்று பேர் நின்றால், ஒருவர் விலகியே ஆக வேண்டும். அது மனு தாக்கலுக்கு முன் நடக்க வேண்டும். ஓட்டுச்சீட்டு அச்சான பிறகு விலகினால் பெயர் அப்படியே இருக்கும், அதற்கும் ஓட்டு விழும்.

இரண்டாம் சுற்று இருந்தும் கெடுக்கலாம் என்பதற்கு அலபாமா 2017. மேலிடத்தின் ஆள் லூதர் ஸ்ட்ரேஞ்ச், ஊழல் புகாரில் சிக்கியிருந்த ஆளுநர் நியமித்தவர். செனட்டில் கட்சித் தலைவராக இருந்த மெக்கானலுக்கு நெருக்கமான நிதிக்குழு, நடுவில் இருந்த மோ புரூக்ஸை விளம்பரத்தால் அடித்து ஓரங்கட்டியது. மிஞ்சியவர் ராய் மூர். பழைய பாலியல் குற்றச்சாட்டுகள் வெளிவந்த பிறகு, ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் சுமார் 22 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். ஓட்டுச்சீட்டில் இல்லாத வேறு பெயர்களை எழுதிப் போட்டவர்கள் அந்த வித்தியாசத்தைவிடக் கூடுதல். புரூக்ஸ் நின்றிருந்தால் அலபாமாவில் தோற்பது கஷ்டம். தூய்மைவாதிகளை மட்டும் குறை சொல்கிறவர்கள், தங்கள் பணமே யாரை வெட்டியது என்று பார்க்கட்டும்.

எதிர்த்தரப்பு எங்கே பணம் போடுகிறது என்பதும் ஒரு கணிப்புத்தான். மிசௌரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் மெக்காஸ்கில், ஏகின் ‘ரொம்பவே பழமைவாதி’ என்று திட்டுவது போல விளம்பரம் செய்து பிரைமரியில் அவரைத் தூக்கிவிட்டார். சுமார் 17 லட்சம் டாலர் செலவு, பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டது. 2022-ல் மிச்சிகன் 3-வது தொகுதியில் ஜான் கிப்ஸுக்கு இதே மாதிரி ‘திட்டு’ விளம்பரம். பணம் போட்டது ஜனநாயகக் கட்சியின் சபைத் தேர்தல் குழு, நான்கு லட்சம் டாலருக்கு மேல். பதவியில் இருந்த பீட்டர் மையர் நான்கு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பிரைமரியில் தோற்றார். நவம்பரில் ஹில்லரி ஸ்கால்டன் 13 சதவீத வித்தியாசத்தில் கிப்ஸை வென்றார், 2024-லும் அவரே.