லூரியாவைப் பாதியாக வெட்டி விற்காதீர்கள்

எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பள்ளிக்கூட மேடையில் நின்றுகொண்டு, “ரஷ்ய விஞ்ஞானி லூரியா நிரூபித்துவிட்டார், உங்கள் பிள்ளையும் எதையும் மறக்காது” என்று முழங்கிவிட்டு, கடைசியில் பயிற்சிக் கட்டணத்தைத் திரையில் போட்டாரே, அவர்தான்.

மூளையையும் மனத்தையும் ஆராய்ந்த சோவியத் உளவியலாளர் லூரியா அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. அவர் எழுதியது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது.

ஷெரெஷெவ்ஸ்கி என்ற பத்திரிகை நிருபர் குறிப்பே எடுக்காமல் எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தார் என்பது உண்மை. தனக்குத் தெரியாத இத்தாலிய மொழியில் கவிஞர் தாந்தேயின் வரிகளை ஒருமுறை கேட்டுவிட்டு, 15 வருடம் கழித்துத் திரும்பச் சொன்னார் என்பதும் உண்மை. மேடைக்காரர் இதோடு நிறுத்திக்கொண்டார். லூரியா நிறுத்தவில்லை. கிட்டத்தட்ட 30 வருடம் அந்த மனிதரைக் கவனித்து, 1968-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் பாதி அந்த ஆள் பட்ட அவஸ்தை. முகங்கள் கணத்துக்குக் கணம் மாறுவதாகத் தெரிந்ததால் ஆட்களை நினைவு வைப்பதே அவருக்குச் சிரமம். கவிதை படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் படமாக எழுந்து நின்று பொருளை மறைத்துவிடும். ஐஸ்கிரீம் விற்றவள் பதில் சொன்ன குரலில் அவள் வாயிலிருந்து கரித்துண்டுகள் கொட்டுவதாகத் தெரிய, வாங்காமலேயே போய்விட்டார்! மறப்பதற்காகக் காகிதத்தில் எழுதி எரித்துப் பார்த்திருக்கிறார், கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தனவாம். ஒரு வேலையிலும் நிலைக்காமல் கடைசியில் மேடையில் நினைவாற்றல் வித்தை காட்டிப் பிழைத்தார். இதைத்தான் உங்கள் பிள்ளைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரப்போகிறார்கள்.

“மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோம்” என்று வேறு மேடைக்காரர் சொன்னார். லூரியா வாழ்நாள் முழுக்கச் சொன்னதே, பேசுவதோ எழுதுவதோ எந்த வேலையானாலும் மூளையின் பல பகுதிகள் சேர்ந்துதான் செய்கின்றன, எந்தப் பகுதி அடிபடுகிறதோ அதைப் பொறுத்து வேலை ஒவ்வொரு விதமாகக் கெடும் என்பதுதான். சும்மா கிடக்கும் 90 சதவீதத்தை இந்த மேடைக்காரர் எந்த அலமாரியில் கண்டுபிடித்தாரோ.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவரால் ஒரு எழுத்துகூட எழுத முடியவில்லை. ‘அ’ எப்படித் தொடங்கும் என்று யோசித்து யோசித்து அழுதுவிடுவார். ஒரு டாக்டர் அவர் முன்னாலேயே “வயசாச்சு, இனி அவ்வளவுதான்” என்றார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் வேறு மாதிரி செய்தாள். பேனாவைக் கையில் கொடுத்து, “யோசிக்காதீங்க ஐயா, பேங்க்ல போடுற மாதிரி கையெழுத்துப் போடுங்க” என்றாள். போட்டுவிட்டார்! கோணல்தான், ஆனால் அவருடைய கையெழுத்து.

பிறகுதான் சசெத்ஸ்கியைப் பற்றிப் படித்தேன். 1943-இல் தலையில் குண்டு பாய்ந்த சோவியத் வீரர். போர்க்காலத்தில் லூரியா யூரல் பகுதியில் நடத்திய மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒருவர். எழுத்து எழுத்தாக யோசித்தால் அவருக்கு ஒன்றும் வராது. கையை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதச் சொன்னதும் எழுத வந்தது. அப்படியே 25 வருடமாக ஏறக்குறைய 3,000 பக்கம் எழுதினார், அதைத் திரும்பப் படிக்கவே திணறியபடி. கெட்டுப்போன வழியை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் வழியில் ஆளைத் திரும்பக் கொண்டுவருவதுதான் லூரியாவின் வேலை. அந்தப் பெண்ணுக்கு அவர் பெயர் தெரியுமோ தெரியாதோ, என் அப்பாவுக்கு அவள்தான் லூரியா.

சரி, “பிள்ளைகளுக்கு ஊக்கம் கிடைக்கிறது, உனக்கென்ன” என்பீர்கள். ஊக்கத்துக்குப் பொய் தேவையா? அவ்வளவுதான் பதில். “நீ என்ன டாக்டரா” என்று கேட்டவருக்குப் பதில் இல்லை, அந்த மேடைக்காரரும் டாக்டர் இல்லை.

“உஸ்பெக் விவசாயிகளைச் சோதித்துப் பார்த்த அரசின் செல்லப்பிள்ளைதானே லூரியா” என்று கேட்ட நண்பர் மட்டும் நியாயமாகக் கேட்டார். ஆமாம், படிப்பு மனிதர் யோசிக்கும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க 1931, 1932-இல் உஸ்பெகிஸ்தானுக்குப் போனார். ‘வடக்கே பனியிருக்கும் இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை, அந்த ஊர் வடக்கே இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்’ என்று கேட்டார்கள். பார்க்காததைப் பற்றிப் பேசமாட்டோம் என்றார்கள் அவர்கள். அவர்களைப் படிக்காதவர்கள், ஒரு படி கீழே நிற்பவர்கள் என்று பார்க்கும் தொனி அதில் உண்டு, எனக்கும் அது உறுத்தும். ஆனால் அந்த ஆய்வு 1974 வரை வெளிவரவே முடியவில்லை. 1950 வாக்கில், நாய்களை வைத்து அனிச்சைச் செயலை ஆராய்ந்த பாவ்லோவின் பெயரைச் சொல்லி விஞ்ஞானிகளிடையே நடந்த களையெடுப்பில் லூரியாவின் மூளை அறுவை நிறுவன வேலையும் போனது. அவரை அரசின் செல்லப்பிள்ளை என்று சொல்வதற்கு முன் இதையும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. தங்கை மகன் அந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறான். 50 பொருட்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். தாத்தா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு திணறும்போது மட்டும், “உனக்கு மெமரி வீக் தாத்தா” என்று சிரிக்கிறான். ஒன்பது வயதுப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் அங்கே காசுக்கு விற்கிறார்கள்.