பின்னால் எடுப்பவர்தான் நிற்க வேண்டும்

வீட்டு வாசலிலிருந்து காரை ரிவர்ஸ் எடுக்கும்போது சாலையில் வந்த வண்டியோடு மோதினால் தப்பு இருவர் மேலும் பாதிக்குப் பாதி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சாலையில் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, வெளியே வருபவர் காத்திருக்க வேண்டும். வந்தவர் கண்மண் தெரியாத வேகத்தில் வந்திருந்தாலோ, இருட்டில் விளக்கே போடாமல் வந்திருந்தாலோ அவர் பங்கும் கணக்கில் வரும், சரி. ஆனால் அதற்கு டாஷ்கேம் (காருக்குள் பொருத்தி சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) பதிவோ, பார்த்தவர் சாட்சியோ வேண்டும். சும்மா பாதி என்று பிரித்துவிட முடியாது.

காரின் பின்பக்கத்தைத் திரையில் காட்டும் ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2018 மே முதல் தயாராகும் புதிய கார்களுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு மழைநாள் காலையில் என் காரின் திரையில் எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. மனசு கேட்காமல் இறங்கிப் பார்த்தேன். பின் டயரை ஒட்டிக் குந்தியபடி பக்கத்து வீட்டுப் பையன் தேங்கிய தண்ணீரில் இலை விட்டுக்கொண்டிருந்தான். லென்ஸை மறைத்தது ஒரே ஒரு மழைத்துளி. நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அன்றிலிருந்து வீடு திரும்பும்போதே ரிவர்ஸில் உள்ளே விடுகிறேன். காலையில் முகம் சாலையைப் பார்த்தபடி வெளியே வரலாம். அப்புறம், ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது காரின் முன்பக்கம் எதிர்த்திசையில் வீசும். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கேட் தூணில் இடிப்பது அதனால்தான்.