உருவகத்தைக் கண்டுபிடிக்க வினைச்சொல்லைப் பாருங்கள்

எனக்குத் தெரிந்த இளம் எழுத்தாளர் ஒருவர் போன வாரம் ஒரு சிறுகதை அனுப்பினார். தூர்ந்துபோன கிணற்றைப் பேரன் தூர்வாருகிறான். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். தாத்தா போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. கிணற்றுக் கதை என்றே படித்துக்கொண்டு போனேன். கடைசி வரி: ‘பாட்டியும் அந்தக் கிணறு மாதிரிதான்.’

அங்கேதான் எனக்கு உறைத்தது. திரும்பப் போய்ப் படித்தால் எல்லாம் முன்னாலேயே இருக்கிறது. பேரனின் கேள்வி அவளிடம் ‘போய் விழுகிறது’, சத்தமே வரவில்லை. ஓரிடத்தில் அவள் கண்ணோரம் ‘கசிகிறது’. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு சொல் அவளுக்குள் ‘ஊறி’ மேலே வருகிறது. கிணற்றுக்குச் சொந்தமான வினைகள் ஒவ்வொன்றாகப் பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நான் கவனிக்கவில்லை.

நீண்டு போகிற உருவகத்தை நாம் பெயர்ச்சொல்லில் தேடுகிறோம். ‘இது அது’ என்று யாராவது அறிவிக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம். பள்ளியில் ‘முகமதி’ (முகமே மதி) என்றால் உருவகம், ‘மதிமுகம்’ (மதி போன்ற முகம்) என்றால் உவமை என்று படித்த பழக்கம் அது. ஒரு சொல்லுக்கு அந்தச் சூத்திரம் போதும். ஒரு பத்தி முழுக்க, ஒரு கதை முழுக்க ஓடும் உருவகம் வினைச்சொற்களில்தான் தடம் விடுகிறது. ஓர் இடத்துக்கு உரிய வினை இன்னோர் இடத்தில் வந்து நின்றால் அங்கே நிறுத்திப் படியுங்கள். மூன்றாவது முறையும் வந்தால் அது தற்செயல் இல்லை.

அப்பரின் தேவாரப் பாடல் ஒன்றைப் பாருங்கள். ‘மனமெனும் தோணி பற்றி, மதியெனும் கோலை ஊன்றி, சினமெனும் சரக்கை ஏற்றி’ என்று தொடங்குகிறது. தோணி செறிகடலில் ஓடுகிறது. மதன் என்னும் பாறையில் மோதிக் கவிழ்கிறது. பட்டியல் போட்டால் மனம் தோணி, அறிவு கோல், சினம் சரக்கு, காமம் பாறை. பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகுதான் பாட்டே தொடங்குகிறது. சினம் ஏன் அலையாகவோ புயலாகவோ வரவில்லை? அவை வெளியிலிருந்து வருபவை. சரக்கை நாமேதான் ஏற்றுகிறோம். அப்புறம் அந்தக் கோல். ஆழமில்லாத தண்ணீரில் ஊன்றித் தள்ளுவதற்குத்தான் கோல். கடலில் அது தரையைத் தொடுமா? பாறை வருவதற்கு முன்பே அந்தப் பயணம் கைமீறிவிட்டது என்பது என் வாசிப்பு. கடைசியில் ஒற்றியூர் இறைவனிடம், அப்போது உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு என்று கேட்கிறார். இறைவனை மாலுமி என்றோ கரை என்றோ சொல்லவில்லை. உருவகத்தை விட்டு அப்பர் இறங்கும் அந்த இடம்தான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது.

இப்படி உறுப்புகளோடு முழுமையாக உருவகித்தால் முற்றுருவகம். ஒரு பகுதியை மட்டும் உருவகித்து மற்றதை நம்மிடம் விட்டுவிட்டால் ஏகதேச உருவகம். இறைவன் அடி சேர்ந்தவரே ‘பிறவிப் பெருங்கடல்’ நீந்துவார் என்ற வள்ளுவர், அந்த அடியைத் தெப்பம் என்று சொல்லவே இல்லை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்பது இன்னும் ஒரு படி மேலே. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிகிறது. அரசனோ பகைவனோ அதில் கிடையாது. வலியறிதல், அதாவது அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடுவது பற்றிய அதிகாரத்தில் அது நிற்பதுதான் நமக்குக் கிடைக்கும் குறிப்பு. சில சமயம் சாவி வரிக்கு வெளியே இருக்கும்.

அதற்காக எல்லாவற்றிலும் உருவகம் தேடுவதும் சரியில்லை. கதையில் மழை பெய்தால் பல நேரம் அது மழைதான். தடம் ஒன்றுகூட இல்லாமல் நாமே ஒரு பொருளைக் கொண்டுபோய் ஏற்றினால், அது எழுதியவருக்குச் செய்யும் அநியாயம்.

இதைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் இலக்கியம் மட்டுமல்ல. நாட்டை ‘நோயாளி’ என்று ஒருவர் மேடையில் தொடங்குகிறார். அடுத்து ‘கசப்பு மருந்து’ வருகிறது. அதற்கடுத்து ‘அறுவை சிகிச்சை’. முதல் சொல்லுக்குத் தலையாட்டியவர், கத்தி வரும்போது மறுக்க வழியில்லாமல் நிற்கிறார். வாதம் எதுவும் நடக்கவில்லை, உருவகம்தான் நகர்ந்தது. மருத்துவர் யார், அவரை நியமித்தது யார், நோயாளியிடம் சம்மதம் கேட்டார்களா என்ற கேள்விகள் உருவகத்தை அடையாளம் கண்டவருக்குத்தான் தோன்றும். அதே நாட்டை ‘வயல்’ என்று தொடங்கியிருந்தால் பேச்சு வேறு முடிவுக்குப் போயிருக்கும்.

கதை அனுப்பியவருக்கு ஒரே ஒரு யோசனை சொன்னேன்: அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ‘புரியாமல் போய்விட்டால்?’ என்று கேட்டார். எனக்கே முதல் வாசிப்பில் புரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் கசிவதும் ஊறுவதும் அங்கே இருக்கின்றன, இரண்டாம் முறை படிப்பவருக்குக் கட்டாயம் கிடைக்கும் என்றேன். நேற்று ராத்திரி புதிய பிரதி வந்தது. இப்போது கதை, பேரன் மேலே இழுத்த வாளியில் கலங்கிய தண்ணீரைப் பாட்டி எட்டிப் பார்ப்பதோடு நிற்கிறது.