வேலை செய்கிற பொடிதான் எனக்குப் பயம்

எடை குறைய மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிட்டும் ஒண்ணும் குறையலை என்று யாராவது கடையில் வந்து புலம்பினால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். காசு போச்சு, அதோடு விட்டது. "பத்தே நாள்ல நாலு கிலோ குறைஞ்சிட்டு அண்ணாச்சி" என்று சிரித்த முகமாக வருகிறவர்களைப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. டப்பாவைக் கொண்டு வாங்க, பின்பக்கத்தைப் பார்ப்போம் என்பேன். டப்பா வராது. ஆள் வருவார்கள், அதுவும் வேற சீட்டோடு.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். டாக்டர் கிடையாது. சித்த மருத்துவத்துக்கு விரோதியும் கிடையாது. அஞ்சரை வருஷம் படித்துவிட்டு, நாடி பார்த்து மருந்து எழுதுகிறவர்களை இந்தப் பதிவுக்குள் இழுக்கவில்லை. பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டால் கூரியரில் வருகிற பொடி, சொந்தக்காரப் பெண் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'முன்பு, பின்பு' படம் போட்டு விற்கிற டப்பா, 'மெட்டபாலிசம் பூஸ்டர்' என்று ஆன்லைனில் வருகிற கேப்சூல், இவற்றைத்தான் சொல்கிறேன். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் கமெண்டில் 'இங்கிலீஷ் மருந்து கைக்கூலி' என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொன்னாலும் ஆரம்பிப்பார்கள், அது வேற விஷயம்.

ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் ஆர்லிஸ்டாட் என்று ஒரு கேப்சூல் உண்டு. சாப்பிடும் கொழுப்பில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றும். முறையாக ஆராய்ச்சி செய்து அனுமதி வாங்கிய மருந்து. சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டு அதை ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிட்டாலும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சுமார் மூணு கிலோதான் கூடுதலாகக் குறைகிறது. இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு ஊசியை வாரம் ஒன்று வீதம் 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. அதாவது 80 கிலோ ஆளுக்கு 12 கிலோ, அதுவும் ஒண்ணேகால் வருஷத்தில். உலகத்துப் பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி எட்டிய உயரங்களில் ஒன்று இது. அப்படியிருக்க, ஒரு மண்டலத்தில் பத்து கிலோ குறைக்கிற பொடியைக் கண்டுபிடித்தவர் 1,499 ரூபாய்க்கு, டெலிவரி இலவசம் என்று நம் வாட்ஸ்அப்புக்கு ஏன் வருகிறார்?

'மெட்டபாலிசத்தைக் கூட்டும்' என்ற பேச்சும் அப்படித்தான். முழுப் பொய் இல்லை. கிரீன் டீ சத்தைக் கொடுத்து அளந்து பார்த்தபோது, உடம்பு ஒரு நாளில் எரிக்கும் சக்தி நாலு சதவீதம் போலக் கூடியது. 2,000 கலோரி எரிக்கிறவருக்கு 80 கலோரி. மாலை டீயோடு தின்கிற ஒரு உளுந்தவடைக்கே அது காணாது. காணாதே என்று அதே சத்தைச் சுண்டக் காய்ச்சிக் கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். அந்தச் சத்தில் உள்ள EGCG என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமை எட்டினாலே ஈரலுக்குச் சேதம் வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

குடம்புளிக் கதை இன்னும் வேடிக்கை. நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் மீன் குழம்புக்குப் போடுவார்களே, அதேதான். 'கார்சீனியா கம்போஜியா' என்று டப்பாவில் ஏறியதும் மவுசு வந்துவிட்டது. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். குடம்புளிச் சத்து சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 3.2 கிலோ. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ! இரண்டு பக்கமும் குறைந்தது ஏன் என்றால், இரண்டு பக்கத்துக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருந்தது. பொடியோடு வருகிற 'ராத்திரி சோறு வேண்டாம், இனிப்பு வேண்டாம், நட' என்ற துண்டுச்சீட்டுதான் பல வீடுகளில் வேலை செய்கிறது. பேர் பொடிக்கு.

இதெல்லாம் காசோடு போகிற கதை. இனிமேல் சொல்வதுதான் என் பயம்.

'ஸ்லிம் டீ', 'டீடாக்ஸ் டீ' என்று பளபளப்பான அட்டைப்பெட்டி வருகிறதே, அதன் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். பல பெட்டிகளில் 'சென்னா' என்றோ 'காசியா அங்குஸ்டிபோலியா' என்றோ இருக்கும். நம்ம நிலாவாரைதான். எங்கள் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் மஞ்சள் பூப்பூத்து நிற்குமே, அவுரி என்பார்கள், அதே செடி. உலகச் சந்தையில் அதற்குப் பேரே 'டின்னவெல்லி சென்னா'. இங்கே இலை உருவிக் காயவைத்து, மூட்டை கட்டி, தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போகிறது. அதில் கொஞ்சம் டீ பாக்கெட்டாக நம்மிடமே திரும்பி வருகிறது, ஐம்பது மடங்கு விலையில் என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நிலாவாரை நல்ல மருந்துதான், மலச்சிக்கலுக்கு. ராத்திரி சாப்பிட்டால் காலையில் வயிறு இளகும். அது வேலை செய்வது பெருங்குடலில். ஆனால் தின்ற சோறும் எண்ணெயும் அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்து முடிந்துவிடும். வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இல்லை. மறுநாள் எடை மிஷினில் ஏறி நின்றால் ஒரு கிலோ குறைவாகக் காட்டத்தான் செய்யும். ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். அந்த ஒரு கிலோவை நம்பி மாசக்கணக்கில் குடிக்கிறார்கள். நாலைந்து நாளைக்கு என்று கொடுக்கிற மருந்து அது.

எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு அக்கா, ஒருநாள் பொட்டாசியம் சிரப் எழுதிய சீட்டோடு வந்தார். ராத்திரியில் கெண்டைச்சதை சுருட்டி இழுக்கிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ரொம்பக் கீழே. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதுவே பொட்டாசியத்தைக் கொஞ்சம் இறக்கும். வேறு எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பொடி, கேப்சூல், டீ?

"டீ குடிக்கேன் அண்ணாச்சி. டீதான, மருந்தா சாப்பிடுதேன்?"

டாக்டரும் வேறு மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறார். அக்காவும் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மருந்தில்லை. சட்டப்படியும் அது மருந்தில்லை என்பதுதான் கூத்து. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம். 1954-ல் வந்த விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாசம் வரை சிறை. ஆகவே பலர் மருந்து என்று சொல்லாமல் 'உணவுத் துணைப்பொருள்' என்று லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள். அந்த வகை டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே ஆகவேண்டும். அச்சடிக்கிறார்கள். முன்பக்கம் பத்து கிலோ, பின்பக்கம் இது.

நிலாவாரையாவது பட்டியலில் பேர் போட்டுக்கொண்டு வருகிறது. பேர் போடாமல் வருவதும் உண்டு. சிபுட்ரமின் என்று பசியை அடக்கும் மாத்திரை ஒன்று இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள், அடுத்து இங்கேயும் தடை. கடையில் செத்த அந்த மருந்து மூலிகை கேப்சூலுக்குள் உயிரோடு இருக்கிறது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க மருந்து நிர்வாகம் கலப்படம் என்று பிடித்த எடைக்குறைப்புப் பொருட்கள் 317. அவற்றில் 269-ல் சிபுட்ரமின். 'வேற எதுவும் கேட்கலை, இது மட்டும் கேட்டுது, பசியே எடுக்கலை' என்று யாராவது சொன்னால் என் புத்தி நேரே அங்கேதான் போகும்.

'பக்க விளைவு இல்லாத இயற்கை' என்பவர்களுக்கு பிரஸ்ஸல்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990 வாக்கில், பெல்ஜியத்தின் அந்தத் தலைநகரில் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் சீன மூலிகைகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். டாக்டர்கள் நடத்திய இடம்தான். வரவேண்டிய மூலிகைக்குப் பதிலாக, பேர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்த அரிஸ்டோலோகியா வகைச் செடி வந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகாத பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது. கடைசிக் கணக்கில் நூறு பேருக்கு மேல். சில வருஷம் கழித்து, அப்படிக் கெட்டுப்போன சிறுநீரகங்களை 39 பேருக்கு எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய்.

அந்தச் செடியின் பங்காளிகள் நம் ஊரிலும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி. பிரஸ்ஸல்ஸில் சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம். இந்த இரண்டிலும் அதே அமிலம் இருக்கிறது. 'பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாப்பிடுகிறோமே, யாருக்கு என்ன ஆச்சு' என்று கேட்பார்கள். தின்ற ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கிற செடியைப் பாட்டன் கண்டுபிடித்திருப்பார். ரெண்டு வருஷம் கழித்துச் சிறுநீரகத்தைச் சுருக்குகிற, பத்து வருஷம் கழித்துப் புற்று வைக்கிற செடியை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சொல்லித்தர ஸ்கேன் இருந்ததா, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் இருந்ததா?

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பொடி விற்கிறவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் பொடியை நிறுத்துங்கள். கால்சியம், இரும்புச்சத்து கலந்த சத்துமாவோ ஷேக்கோ குடித்தால் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, தைராய்டு மோசமாகும், எடை இன்னும் ஏறும்.

எங்கள் கடையில் அந்த டீ இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடை என்னுடையது இல்லை, முதலாளிக்கு அதில் நல்ல லாபம். பேதி மருந்து இருக்கிற தட்டில் வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களிடம் மோஷன் போகலையா என்றுதான் முதலில் கேட்பேன். சிலர் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.